எத்தனை அங்குலம்?

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்வோரிடம் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை அங்குலம் பார்க்கிறீர்கள்?" என்பதாகும். எத்தனை முழ வேட்டி வேண்டும் என்று துணிக்கடையில் கேட்பதைப் போன்ற எளிய கேள்வியாகவே இது நம் காதில் விழுகிறது. ஆயினும் சற்றே நின்று எண்ணிப் பார்த்தால், விடை கூறுவது அவ்வளவு எளிதன்று என்பது புலனாகும். வேட்டி எத்தனை முழம் என்பதை உடுத்துகின்ற உடலே சொல்லிவிடுகிறது. திரை எத்தனை அங்குலம் என்பதை நமக்குச் சொல்வது எது? கூடத்தின் நீளமா, கையிலிருக்கும் பணமா, பார்க்கின்ற கண்ணா, அல்லது அண்டை வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பதா?

இதுவும் ஓர் அறக்கேள்வியோ என்று சிலர் நகைக்கக்கூடும். போரையும் பசியையும் பற்றிச் சிந்திக்க வேண்டிய ஏட்டில் அங்குலக் கணக்கு எதற்கு என்று கேட்கவும் கூடும். ஆனால் போரை நிறுத்துவதா வேண்டாவா என்று நம்மிடம் வந்து யாரும் கேட்பதில்லை. ஒரு மாத ஊதியத்தையோ இரண்டு மாத ஊதியத்தையோ விழுங்கக்கூடிய, பல ஆண்டுகள் வீட்டின் நடுக்கூடத்தில் அனைவர் முகத்தையும் தன்பால் திருப்பி வைக்கக்கூடிய ஒரு பொருளை வாங்குவதா, எவ்வளவு பெரிதாக வாங்குவது, எங்கே வைப்பது என்ற கேள்விதான் நம்மிடம் வருகிறது. வந்த கேள்விக்கு நேர்மையாக விடை காண்பதும் ஒரு பயிற்சியே.

தேவை எது, ஆடம்பரம் எது என்ற பழைய வினாவிலிருந்து தொடங்குவோம். இவ்வினாவுக்கு நம் அரசுகளும் நீதிமன்றமும் வெளிப்படையாகவே விடை சொல்ல முயன்றிருக்கின்றன என்பது பலருக்கு நினைவிருக்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குறுதியின்படி, தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. உணவும் உறைவிடமும் இல்லாதவர்க்குப் படப்பெட்டி எதற்கு என்று ஒரு சாரார் கேட்டனர். பொதுப்பணத்தில் ஆடம்பரப் பொருளை வாங்கிக் கொடுக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2013 ஜூலை 5 அன்று வெளியான தீர்ப்பு, வாழ்க்கைத்தரம் என்பதன் பொருள் காலந்தோறும் மாறக்கூடியது என்றும், முன்பு ஆடம்பரமாகக் கருதப்பட்டவை இன்று தேவையாகிவிட்டன என்றும் கூறி, அத்திட்டத்தைத் தள்ளுபடி செய்ய மறுத்தது.

வரித்துறையும் தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்தது. சரக்கு சேவை வரி 2017இல் நடைமுறைக்கு வந்தபோது தொலைக்காட்சிப் பெட்டி மிக உயர்ந்த 28 விழுக்காட்டு வரிசையில் வைக்கப்பட்டது. 2018 ஜூலையில் 68 சென்டிமீட்டர் வரையுள்ள திரைகள் மட்டும் 18 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டன. 2019 ஜனவரி முதல் நாளன்று அந்தக் கோடு 32 அங்குலத்திற்கு நகர்ந்தது. 32 அங்குலம் வரை இன்றியமையாதது, 33ஆம் அங்குலம் தொட்டு ஆடம்பரம் என்று ஆறாண்டுகளுக்கு மேல் நாம் வாழ்ந்திருக்கிறோம்! 2025 செப்டம்பர் 22 அன்று அக்கோடும் அழிக்கப்பட்டு, எல்லா அளவுகளுக்கும் ஒரே 18 விழுக்காடு என்றானது. தேவைக்கும் ஆடம்பரத்திற்கும் இடையே எல்லைக்கல் நடுவது வெளியார் எவராலும் இயலாத செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அக்கல்லை ஒவ்வொரு வீட்டாரும் தம் கூடத்திலேயே நட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவ்வாறு நட்டுக்கொள்வதற்கு ஓர் அளவுகோல் உண்டா? மற்றப் பொருள்களில் இதைச் சொல்வது கடினம். எத்தனை புடவை போதும், எத்தனை சவரன் போதும் என்பதற்கு உடலில் எங்கும் விடை எழுதப்பட்டிருக்கவில்லை. தொலைக்காட்சித் திரையைப் பொறுத்தமட்டில் வியப்பூட்டும் வகையில் விடை எழுதப்பட்டிருக்கிறது. அது நம் கண்ணில் இருக்கிறது.

குறைபாடற்ற மனிதக் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண இயலாது. அவை ஒன்றாகவே தோன்றும். இக்கணக்கை 55 அங்குலத் திரைக்குப் பொருத்திப் பார்ப்போம். 55 என்பது மூலைவிட்ட அளவு. அத்திரையின் அகலம் ஏறத்தாழ நான்கு அடி, உயரம் இரண்டே கால் அடி. நான்கு-கே எனப்படும் திரையில் ஒரு வரிசைக்கு 3840 புள்ளிகள். அவற்றைத் தனித்தனியே காண வேண்டுமாயின் திரையிலிருந்து மூன்றரை அடித் தொலைவில் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய முழு ஹெச்.டி. திரையில் 1920 புள்ளிகள். அவை ஏழு அடிக்கு அப்பால் மறைந்துவிடும். எட்டு-கே திரையின் புள்ளிகளைக் காண்பதற்கு இரண்டடிக்கும் நெருக்கமாக, ஏறத்தாழ மூக்கு இடிக்கும் தொலைவுக்குச் செல்ல வேண்டும். நம் வீடுகளில் நாற்காலி எட்டு அல்லது ஒன்பது அடித் தொலைவிலேயே கிடக்கிறது. அங்கிருந்து நோக்குங்கால் நான்கு-கேக்கும் முழு ஹெச்.டி.க்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிகளை வைத்து அறிவது அரிது. எட்டு-கே என்பது கண்ணுக்கு எட்டாதது. எட்டாத ஒன்றுக்குப் பணம் கொடுப்பவன் எதற்காகக் கொடுக்கிறான் என்பது தனியே ஆராய வேண்டியதாகும்.

ஆனால் இதே கணக்கு, சிக்கனக்காரரின் வாயையும் அடைத்துவிடுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிறிய கூடத்திற்குச் சிறிய பெட்டி என்ற அறிவுரையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அது படக்குழாய்ப் பெட்டிகளின் காலத்து அறிவுரை. அந்நாளில் படத்தின் கோடுகள் கண்ணில் படாதிருக்க, படத்தின் உயரத்தைப் போல் ஐந்தாறு மடங்கு தள்ளி உட்கார வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. திரைப்படத்தை இயல்பாகக் காண்பதற்குப் பார்வைப் பரப்பில் முப்பது பாகையாவது படம் நிரப்ப வேண்டும் என்பது அத்துறையினர் கூறும் பரிந்துரை. மூலைவிட்டத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகப் பெருக்கினால் அதற்குரிய தொலைவு கிடைக்கும். 55 அங்குலத்திற்கு அது ஏழேகால் அடி. 65 அங்குலத்திற்கு ஏறத்தாழ எட்டரை அடி. ஆகவே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில் 55 அங்குலத் திரை வைப்பவரைப் பேராசைக்காரர் என்று பழிக்க அறிவியலில் இடமில்லை. பெரிது என்பதனாலேயே ஒன்று தவறாகிவிடாது. எளிமை என்ற பெயரில் பிறரை வதைப்பதும் நம்மிடையே இருக்கும் பழைய நோய்களுள் ஒன்றல்லவா?

கண் இவ்வளவு தெளிவாக எல்லை வகுத்திருந்தும் நாம் அதைத் தாண்டுவது ஏன்? கடையைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் காரணம் தெரியும். அங்கே ஒரு சுவர் முழுதும் முப்பது நாற்பது திரைகள் ஒன்றையடுத்து ஒன்றாக ஒளிர்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே படம்: கடலடி மீன்கள், பனிமலை, நறுக்கிய பழங்கள். நாம் அவற்றைப் பார்ப்பதில்லை, ஒப்பிடுகிறோம். ஒப்பீட்டில் வெல்வது பக்கத்திலிருப்பதைக் காட்டிலும் பளிச்சென்று தெரிவதேயன்றி, நல்ல படமன்று. அதனால்தான் கடைக்கென்றே ஒரு தனி ஒளியமைப்பைத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். வெண்மையில் நீலம் கலந்து, ஒளியை உச்சத்திற்கு ஏற்றி, குழல் விளக்குகளின் வெள்ளத்தையும் எதிர்த்து நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். கடையில் 55 அங்குலம் 65 அங்குலத்தின் அருகே குன்றிப்போய்த் தோன்றுகிறது. பத்து அங்குலம் தானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் மூலைவிட்டக் கணக்கு நம்மை ஏய்க்கக்கூடியது. அந்தப் பத்து அங்குலத்தில் பரப்பளவு நாற்பது விழுக்காடு கூடிவிடுகிறது. 32 இலிருந்து 65க்குப் போவது இரு மடங்கன்று, நான்கு மடங்கு.

வீட்டிற்கு வந்தபின் அருகே ஒப்பிட ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் 55 அங்குலமும் கண்ணுக்குப் பழகிவிடும். 65 அங்குலமும் பழகிவிடும். பழகாமல் இருப்பது மாதத் தவணை ஒன்றுதான். பின்னர் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் செல்கிறோம். அங்கே 75 அங்குலம் தொங்குகிறது. கடைச்சுவர் இப்போது ஊர் முழுதும் விரிந்துவிட்டது. ஒப்பீடு என்பது பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு கருவியாக இருக்கலாம். ஆனால் வாங்கியபின்னும் அக்கருவியைக் கீழே வைக்கத் தெரியாதவர்க்கு எந்த அளவும் சிறிதாகவே இருக்கும். அவர் வாங்குவது பார்ப்பதற்கன்று, பார்க்கப்படுவதற்கு. எட்டு-கே பற்றி மேலே எழுப்பிய ஐயத்திற்கும் விடை இதுவே என்று கருதுகிறோம்.

கொடுமை என்னவெனில், இத்தனை பெரிய திரையில் வந்து விழுவது பெரும்பாலும் கம்பிவடத்தின் வழியே வரும் சாதாரண அலைவரிசைகளாக இருக்கும். அவற்றில் ஒரு வரிசைக்கு 720 புள்ளிகளே உள்ளன. அதை 3840ஆக இழுத்து நீட்டும்போது செய்தி வாசிப்பவர் முகம் கரைந்த சோப்பைப் போல் தெரிகிறது. படம் சரியில்லை என்று பெட்டியைக் குறை சொல்லி, இன்னும் உயர்ந்ததை வாங்க எண்ணுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

கண்ணே அளவுகோல் என்றோம். யாருடைய கண்? இங்கேதான் கணக்கு அறமாக மாறுகிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்பது குறையற்ற கண்ணுக்குரிய அளவு. வீட்டில் அப்படிப்பட்ட கண் பெரும்பாலும் கடைக்குச் செல்லும் இளைஞனுடையதாக இருக்கும். நாளெல்லாம் அத்திரையின் முன் அமரப்போகிறவர் அவனல்லர். நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஒரு கண்ணில் புரை நீக்கிய பின்னும் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. மற்றொன்றில் மங்கலாகவே தெரிகிறது. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் அவருக்குத் துணை வீட்டுச் சுவரும் தொலைக்காட்சியுமே. முன்பிருந்த 32 அங்குலத் திரையில் அடியில் ஓடும் எழுத்துகள் அவருக்குத் தெரியவில்லை. யார் பேசுகிறார் என்பதைக் குரலைக் கொண்டே அறிந்துவந்தார். அவர்கள் 55 அங்குலம் வாங்கியபோது தெருவார் பலவாறு பேசினர். அம்மூதாட்டி கண்ணைச் சுருக்காமல் முகங்களைக் காண்கிறார். அது ஆடம்பரமா?

இதை எழுதும்போது அசிசி நகர்ப் புனித கிளாரா நினைவுக்கு வருகிறார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்ததால் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாத் திருப்பலிக்குச் செல்ல இயலாதிருந்த அவர், ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தவாறே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனை முன்னிட்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 1253இல் மறைந்த துறவி ஒருவருக்கும் இருபதாம் நூற்றாண்டுக் கருவிக்கும் முடிச்சுப் போட்டது வேடிக்கையாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த முடிச்சில் ஒரு கூர்மையான கருத்து அடங்கியிருக்கிறது. வெளியே செல்ல இயலாதவருக்காகவே தொலைவிலுள்ளது அறைக்குள் வந்தது. 2020இல் ஆலயங்கள் மூடப்பட்ட மாதங்களில் நம் இல்லங்கள் பலவற்றில் நோயற்றவர்களும் அந்த நிலைக்கு வந்தோம். மூடிய கதவுகள் திறந்தபின் நாம் எழுந்து சென்றுவிட்டோம். எழ முடியாதவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அளவைத் தீர்மானிக்கும்போது அவர்களது நாற்காலியிலிருந்து அளக்க வேண்டும் என்பதே நம் கருத்து. வீட்டின் மிகப் பலவீனமான கண்ணுக்கு எது போதுமோ அதுவே அவ்வீட்டின் அளவு. அத்தகையோர் இல்லாத வீட்டில் 43 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

அளவு முடிவானபின் இடம். எந்தச் சுவர்? இதில் நாம் காட்டும் அலட்சியம் வியப்பளிக்கிறது. மின்செருகி எங்கே இருக்கிறதோ அங்கே என்று முடித்துவிடுகிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் நல்ல வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிர்ச்சுவரே காலியாக இருக்கும். அங்கே மாட்டினால் பகலெல்லாம் திரையில் சன்னல் தெரியும். பிறகு சன்னலைத் திரைச்சீலையால் மூடுவோம். திரைக்காகச் சன்னலைச் சாத்துவது எளிதாக நடந்துவிடுகிறது. எவரும் தீர்மானம் செய்து அதனைச் செய்வதில்லை. சன்னலுக்குப் பக்கச் சுவரில் மாட்டினால் இரண்டும் பிழைக்கும்.

உயரத்திலும் இதே கதை. உட்கார்ந்தவர் கண்ணின் உயரத்தில் திரையின் நடுப்பகுதி அமைய வேண்டும். நாற்காலியில் அமர்ந்தால் அது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. நம்மவர் ஐந்தடி, ஆறடி உயரத்தில் திருமணப் படத்தைப் போல் மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கு மருந்து தேடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பற்றி அயல்நாட்டுக் கையேடுகள் பேசுவதில்லை. பெரியவர்கள் நாற்காலியிலும், பிள்ளைகளும் வீட்டுவேலைக்கு வருபவரும் பாயிலும் அமரும் கூடத்தில் கண்ணின் உயரம் ஒன்றல்ல. பாயில் அமர்ந்தவருக்கு அது இரண்டரை அடிதான். இரண்டுக்கும் நடுவே மாட்டுவது ஒரு வழி. எல்லாரும் நாற்காலியிலோ எல்லாரும் பாயிலோ அமர்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியைப் பொருத்துபவர் கையிலுள்ள துளைக்கருவி செய்துவிட முடியாது.

கத்தோலிக்க இல்லங்களுக்கே உரிய ஒரு தருமசங்கடமும் இங்கே வருகிறது. கூடத்தின் முதன்மைச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படமும் அதன் முன் சிவப்பு விளக்கும் இருக்கின்றன. நான்கடி அகலத் திரைக்கும் அதே சுவரே பொருத்தமாகத் தெரிகிறது. சிலர் படத்தை மேலே ஏற்றித் திரையை அதன் கீழே மாட்டுகிறார்கள். சிலர் படத்தை உள்ளறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆண்டவர் மனம் நோவார் என்ற அச்சத்தில் இதை நாம் மறுக்கவில்லை. மாலையில் செபமாலைக்குக் குடும்பம் அமரும்போது எந்தத் திசையை நோக்கி அமர்கிறதோ அந்தத் திசையில் ஒரு பெரிய கரிய கண்ணாடி நின்றால், அதில் நம் உருவங்களே அசைந்துகொண்டிருக்கும். பிள்ளைகளின் கை தானாகவே தொலை இயக்கியைத் தேடும். வேறு சுவரே இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் ஒரு துணியால் திரையை மூடினாலும் போதும். படிக்கும் பிள்ளையின் மேசைக்கும் இதே விதி பொருந்தும்: திரையின் ஒளி அதன் புத்தகத்தில் விழலாகாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் 65 அங்குலத் திரையை ஓராண்டு தள்ளிப்போட்டவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு நம் வணக்கம்.

முன்னாளில் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தது, எல்லாரும் ஒன்றாகக் கூடிப் பார்த்தோம், இன்று திரை பெருத்தது, கூட்டம் சிறுத்தது என்று பெருமூச்சு விடுவோர் நம்மிடையே பலர். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து 1987-88இல் ஞாயிறுதோறும் இராமாயணம் ஒளிபரப்பான காலம் வரை அது உண்மையே. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" நேரத்தில் ஊர் அடங்கியிருந்ததை மறக்கவியலுமா? ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் பாயில் அமர்ந்தார், யார் வாசற்படியில் நின்றார், யார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தார் என்பதையும் நினைவுகூர வேண்டும். பெட்டிக்குரியவர் மனம் போனபடி கதவு சாத்தப்பட்டதும் உண்டு. சாதியைப் பார்த்து உள்ளே விட்ட வீடுகளும் இருந்தன. தம் வீட்டிலேயே 14 அங்குலத்தில் பார்க்கத் தொடங்கிய நாளன்று அந்தச் சன்னலோரத்துப் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியைப் பழைய ஒற்றுமையின் பெயரால் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

பெட்டி சுவரேறியது. ஒளியூட்டினால் கடைக்கான அமைப்பிலோ அதற்கு நெருங்கிய பளிச்சிடும் அமைப்பிலோதான் பெரும்பாலும் அது விழிக்கிறது. மாற்றுவதற்கு ஐந்து மணித்துளி போதும். பலர் பத்தாண்டுகள் ஆனாலும் மாற்றுவதில்லை. திரைப்படம் என்ற பெயருள்ள அமைப்புக்கு மாற்றினால் முதலில் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். ஏனெனில் படத்தை உருவாக்குவோர் வெண்மைக்கு வைத்திருக்கும் தரம் 6500 கெல்வின். கடை நம் கண்ணைப் பழக்கியிருப்பதோ அதைவிட நீலமான வெண்மைக்கு. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் தோலின் நிறம் தோலின் நிறமாகத் தெரியும். பின் பழைய அமைப்புக்குத் திரும்பினால், முகங்கள் எல்லாம் சுண்ணாம்பு பூசியவை போலிருக்கும்.

அசைவை மென்மையாக்கும் அமைப்பும் அப்படியே. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. பெட்டி அவற்றுக்கிடையே தானே கற்பித்த படங்களைச் செருகி வழுவழுப்பாக்குகிறது. ஒளிப்பதிவாளர் எடுக்காத படங்களை, நடிகர் நடிக்காத கணங்களை நாம் பார்க்கிறோம். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதனை அணைத்துவிடுங்கள் என்று பொதுமக்களை வேண்டிக் காணொலி வெளியிட்டனர். 2019இல் திரைப்பட இயக்குநர்கள் பலரின் ஆதரவோடு, இத்தகைய ஒப்பனைகளை ஒரே பொத்தானில் விலக்கும் தனி அமைப்பும் அறிவிக்கப்பட்டது. பிறர் படைத்ததை அவர் படைத்தவாறே காண்பது ஒருவகை மரியாதை என்பது நம் எண்ணம். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். முதிர்ந்த கண்ணுக்குக் கூடுதல் ஒளி வேண்டும் என்பதும் உண்மை. படைப்பாளியின் எண்ணத்திற்கும் பாட்டியின் கண்ணுக்கும் வழக்கு வந்தால் நாம் பாட்டியின் பக்கமே.

இனி, நாம் மிகுதியாகக் கவலைகொள்ளும் கட்டம். இணையத்தோடு இணைத்ததும் திரையில் நீண்ட பத்திகள் தோன்றும். அடியில் "ஏற்கிறேன்" என்றொரு பொத்தான். அதைப் படிப்பவரை நாம் கண்டதில்லை. பெட்டியை மாட்ட வந்த இளைஞரே நமக்காக அழுத்திவிட்டுப் போவதும் உண்டு. அப்பத்திகளுள் ஒன்று, திரையில் ஓடுவது எது என்பதைக் கண்டறிந்து வெளியே அனுப்பப் பெட்டிக்கு இசைவளிப்பதாக இருக்கக்கூடும். திரையில் தோன்றும் படத்தின் சிறு பகுதியை எடுத்து, நிறுவனத்தின் பெருந்தொகுப்போடு ஒப்பிட்டு, இவ்வீட்டார் இந்நேரத்தில் இன்னதைப் பார்த்தனர் என்று குறித்துக்கொள்ளும் நுட்பம் அது. அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளிலிருந்து இவ்வாறு திரட்டியதாகக் கூட்டரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. தக்க இசைவு பெறாமை அங்கே குற்றச்சாட்டாயிற்று. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவையே அடிப்படையாக வைத்திருக்கிறது.

ஆனால் இசைவு என்பது யாருடையது? பகலெல்லாம் பார்ப்பவர் அந்த மூதாட்டி. பொத்தானை அழுத்தியவர் மகன், அல்லது மாட்ட வந்தவர். அவர் எதைப் பார்த்து அழுகிறார், எந்த மருந்து விளம்பரத்தில் நிற்கிறார், நள்ளிரவில் உறக்கமின்றி எதை வைத்திருக்கிறார் என்பனவெல்லாம் அவரது. அவற்றை வேறொருவர் ஒரு விரல் அசைவில் கொடுத்துவிட முடியுமா? அமைப்புகளுக்குள் சென்று தனியுரிமை என்ற பகுதியில் அந்த இசைவைத் திரும்பப் பெறலாம். பெட்டிக்குப் பெட்டி அதன் பெயர் வேறுபடும்; தேடினால் அகப்படும். அதற்கு முன் பாட்டியிடம் சென்று, "இந்தப் பெட்டி நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கம்பெனிக்குச் சொல்லும், சொல்லட்டுமா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பதே முறை. அவர் சிரிக்கலாம். சொல்லித் தொலையட்டும் என்றும் கூறலாம். கேட்டுவிட்டு அழுத்துவதும் கேளாமல் அழுத்துவதும் ஒன்றல்ல.

கடைசியாகப் பழைய பெட்டி. புதியது வந்த மகிழ்ச்சியில் அது மூலையில் முகம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். வீட்டுவேலை செய்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது பலரும் உடனே எடுக்கும் முடிவு. நல்லதே. ஆனால் பாதித் திரையில் கோடு விழுந்ததையும், ஒலி வராததையும் கொடுத்துவிட்டு அதைத் தருமம் என்று எண்ணிக்கொள்வது பொருந்தாது. பழுதைச் சரிசெய்ய அவர் செலவழிக்கப்போகும் பணம் நம்முடைய ஈகையிலிருந்து கழிய வேண்டும். பழுது நீக்க இயலாததாயின் மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பதே முறை. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, தெருக்குப்பையில் உடைபட வேண்டிய பொருளன்று அது. நல்ல நிலையிலுள்ளதாயின், அவர் வீட்டில் அதை வைக்க இடமுண்டா, வேண்டுமா என்று முதலில் கேட்டறிந்து, துடைத்து, தாங்கியையும் கம்பியையும் சேர்த்து, நாமே வண்டி பிடித்து அவர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். தொலை இயக்கியையும் தேடியெடுத்துப் புது மின்கலம் போட்டுக் கூடவே கட்டிவிடுவது நல்லது. அது பெரும்பாலும் நம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.